மாமா கார்டை மறந்த வெள்ளிக்கிழமை

எங்கள் பள்ளிக்கூட பஸ்ஸில் சட்டதிட்டங்கள் ஏறிய வருஷம் நான் இரண்டாம் வகுப்பு. அதற்கு முன்பு பஸ்ஸில் பிள்ளைகள் மட்டும்தான் ஏறிக்கொண்டிருந்தோம். எங்கேயோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பஸ்ஸில், ஒரு பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டதாம். எங்களைப் பார்த்ததும் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் என்ன ஆயிற்று என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. கோடை விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் பஸ் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு நிற்கிறது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர். பின்னால் 'அவசர வழி' என்று எழுதிய கதவு. அதை ஒரு தடவை திறந்து காட்டுங்கள் என்று கேட்டதற்கு, அவசரம் வந்தால்தான் திறப்போம் என்று டிரைவர் அண்ணன் சொல்லிவிட்டார். அவசரம் எப்போது வரும் என்று நாங்கள் தினமும் ஆசையாகக் காத்திருந்தோம்.

கையை வெளியே நீட்டக் கூடாது, பஸ் ஓடும்போது எழுந்திருக்கக் கூடாது, இறங்கியதும் பின்பக்கமாகப் போகக் கூடாது என்று எல்லாமே கூடாதுதான். எங்களைச் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்று. கூட்டிக்கொண்டு போக யாராவது வந்தால், அவரை நமக்குத் தெரியுமா தெரியாதா, தெரியுமென்றால் எப்படித் தெரியும் என்று பயப்படாமல் உரக்கச் சொல்ல வேண்டும். பஸ்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்த டிரான்ஸ்போர்ட் சார் இதை அசெம்பிளியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வாயை மூடு, வாயை மூடு என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு விதி ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்றே பெயர்.

விதிகளோடு கூடவே பஸ்ஸில் ஒரு பெண்ணும் வந்து சேர்ந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கு ஒரு பெண்மணி கட்டாயம் இருக்க வேண்டுமாம். அந்த வேலைக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் ஆயா. எங்கள் ஊரில் அம்மாவைப் பெற்றவளைத்தான் ஆயா என்போம். இந்தப் பெண்ணுக்கோ கல்யாணம்கூட ஆகவில்லை. கூப்பிட எங்களுக்கே கூச்சமாக இருந்ததால் பஸ் அக்கா ஆக்கிவிட்டோம். அக்காவுக்கு ஓரிக்கைப் பக்கம் வீடு, வயலும் மாடும் வைத்திருக்கிற குடும்பம். பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற அப்பாவை, ஸ்கூல் வேலைதானே, சின்னப் பிள்ளைகளோடுதானே, இருட்டுவதற்குள் வந்துவிடுவேனே என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாராம். "இந்த வேல போச்சுன்னா அடுத்த முகூர்த்தத்துலயே எங்கயாவது தள்ளி வுட்டுடுவாங்கண்ணா" என்று டிரைவர் அண்ணனிடம் அடிக்கடி சொல்வார். அதனாலோ என்னவோ, விதியென்றால் அக்காவுக்கு உயிர். போன் கொண்டுவரக் கூடாது என்று பஸ் ஆட்களுக்கு ஒரு விதி இருந்தது. அக்காவிடம் போனே கிடையாது.

அடுத்து வந்ததுதான் கார்டு. சாயங்காலம் பிள்ளையை யார் கூட்டிப்போவார்களோ அவருடைய போட்டோ ஒட்டி, பள்ளிக்கூட முத்திரை குத்தி, கழுத்தில் மாட்டிக்கொள்ள நீலப் பட்டையோடு ஒரு கார்டு கொடுத்தார்கள். அது இல்லாமல் சாமியே வந்தாலும் பிள்ளையை இறக்கிவிடக் கூடாது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் பஸ் வராது. தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலைக் காலையில் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்திருப்பார்கள். மற்ற நேரத்தில் பைக்கும் சைக்கிளும் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் மெயின் ரோட்டு முனையில், பங்க்சர் கடைக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஸ்டாப். முதல் கார்டு அப்பா பேரில் இருந்தது.

கொஞ்ச நாளிலேயே என் மாமா, அம்மாவின் தம்பி, அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டோடு இருந்து அப்பாவோடு தறியில் வேலை செய்துகொண்டிருந்தார் அவர். கடைக்குப் போய்வா என்றால் காது கேட்காத ஆள். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததும் அம்மா கண் கலங்கிவிட்டாள். அக்கா பெண் மேல் எவ்வளவு பாசம் பாரேன் என்று எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அப்பாவுக்குத்தான் கடுப்பு. கரையையும் உடலையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். கரைப்பக்கம் உட்கார்ந்து ஊடை நூல் நாடாவை வாங்கித் தள்ளுகிறவர் எழுந்து போய்விட்டால், தறியில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். "பஸ்ஸு வர்றதுக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்குது, அதுக்குள்ள என்னாத்துக்குடா தல சீவிக்கினு நிக்கிற?" என்று அப்பா கத்துவார். மாமா கார்டுக்காகவே புதுச்சட்டை எடுத்து, ஸ்டுடியோவில் போய் போட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். அவ்வளவு அழகான போட்டோ அந்த பஸ்ஸில் வேறு எந்தப் பிள்ளையின் கார்டிலும் இல்லை.

தினம் நடப்பது இதுதான். பஸ் நிற்கும். அக்கா படிக்கட்டில் இறங்கி, கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு கார்டு கேட்பார். மாமா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுப்பார். அக்கா அதை நிதானமாகப் பார்ப்பார். மாமாவையும் பார்ப்பார். மற்ற பிள்ளைகளின் கார்டை ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர் இதை மட்டும் ஏன் இப்படிப் படிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். "சாப்டீங்களா?" என்பார் அக்கா. "ஆச்சு" என்பார் மாமா. "பொய்" என்பார் அக்கா. இதில் சிரிக்க என்ன இருக்கிறதோ, இரண்டு பேரும் சிரிப்பார்கள். சில நாள் காலையில் மாமா என் பையின் பக்கவாட்டு அறையில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பூவை வைத்து அனுப்புவார். அக்கா அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார். பூ எனக்கு இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். ஸ்கூலில் பூ வைக்கக் கூடாது, அது விதி என்று மாமா சொன்னார். அது உண்மைதான் என்பதால் நான் மேற்கொண்டு பேசவில்லை.

ஒரு வியாழக்கிழமை அக்கா கார்டைப் பார்க்கவே இல்லை. கையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழம வராங்களாம்" என்றார். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. "நாளைக்கு வந்து சொல்றேன்" என்றார். "நாளைக்குக் கண்டிப்பா சொல்லணும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. யார் வருகிறார்கள், மாமா எதைச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு நடக்கும்போது துளைத்தெடுத்தேன். மாமா கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்தார்.

மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டில் நடந்தது பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா தறியை நிறுத்திவிட்டு, அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து விஷயத்தை உடைத்திருக்கிறார். அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன், ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் நீங்கள் போய்க் கேளுங்கள் என்று. அவங்க வேற, நாம வேற என்று அம்மா அழுதிருக்கிறாள். அப்பா சத்தம் போட்டிருக்கிறார். மாமா விடவில்லை. சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்குத்தான் இரண்டு பேரும் இறங்கிவந்து, சரி, நாளைக்கே போய்க் கேட்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதுதான் தாமதம், மாமா லுங்கியோடு தெருவில் ஓடியிருக்கிறார். கார்டு வீட்டுச் சுவர் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கென்று பார்த்து டிரான்ஸ்போர்ட் சார் எங்கள் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். விதிப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி வந்துகொண்டிருந்தார் அவர். அக்கா விறைப்பாக நின்றிருந்தார். ஒவ்வொரு கார்டையும் வாங்கி, போட்டோவையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை விட்டார். எங்கள் ஸ்டாப் வந்தது. மாமா மூச்சு வாங்க ஓடிவந்து நின்றார். நான் பார்த்த வரையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான். கை கழுத்துக்குப் போயிற்று. கார்டு இல்லை.

"அடடே, மறந்துட்டேன்மா. புள்ளைய வுடு, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அக்கா குறுக்கே வைத்த கையை எடுக்கவில்லை. "கார்டு இல்லாம அனுப்ப முடியாது சார்."

சாரா! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் தெருவில் மாமாவைச் சார் என்று கூப்பிட்டவர்கள் யாரும் கிடையாது. மாமாவும் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். அப்புறம்தான் முன்சீட்டில் இருந்தவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

டிரான்ஸ்போர்ட் சார் எழுந்துவந்தார். "யாரும்மா இந்த ஆளு? உனக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியாது சார்" என்றார் அக்கா. "கார்டு இருந்தா அனுப்புவேன். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

மாமா மறுபடியும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. தினமும் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறவர், இவரை யாரென்றே தெரியாது என்கிறாரே! இப்படி ஒரு பொய்யை என் காதால் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? தவிர, எனக்குப் பசி, வீட்டுக்குப் போக வேண்டும். மாமாவைக் காப்பாற்ற என்னைவிட்டால் அங்கே வேறு யாரும் இல்லை. தெரியுமென்றால் எப்படித் தெரியும் என்று உரக்கச் சொல்ல வேண்டுமென மைக்கில் சொன்னவரே எதிரில் நிற்கிறார். சீட்டிலிருந்து எழுந்து, கணீரென்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்! இது எங்க மாமா. அக்காக்கு நல்லாத் தெரியும். டெய்லி பேசுவாங்க. மாமா பூ குடுப்பாரு, என் பையிலதான் வச்சு அனுப்புவாரு. அக்கா வச்சிப்பாங்க. நேத்து ஞாயித்துக்கிழம வராங்கன்னு அக்கா சொன்னாங்க. நாளைக்குச் சொல்றேன்னு மாமா சொன்னாரு. அதச் சொல்லத்தான் வந்திருக்காரு சார்!"

ஐந்தாம் வகுப்பு அக்காக்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இருந்ததா? இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், ஒரு வார்த்தைகூட இல்லை.

டிரான்ஸ்போர்ட் சார்தான் முதலில் பேசினார். "சபாஷ்! பயப்படாம எப்டிச் சொல்லுது பாரு" என்று என் தலையைத் தடவி, சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக் கொடுத்தார். பூ எத்தனை நாளாகக் கொடுக்கிறார் என்று கேட்டார். நிறைய நாளாக என்றேன். சரி, இனிமேல் மாமாவோடு அனுப்பிவிடுவார் என்று நான் பையை மாட்டிக்கொண்டேன். அவரோ, "கார்டு இல்லாம விட முடியாது. ஸ்கூலுக்கு வந்து கூட்டிக்கினு போகச் சொல்லு. எடுங்க வண்டிய" என்று கதவை அடித்துச் சாத்தினார். சாக்லேட் கொடுக்கிற அளவுக்கு நம்பியவர் என்னை ஏன் இறக்கிவிடவில்லை? நான் திருதிருவென்று விழித்தேன்.

பஸ் கிளம்பியது. மாமா கூடவே ஓடிவந்தார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவருடைய வாய் அசைவது தெரிந்தது. எதையோ கத்திக்கொண்டே வந்தார். பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்ததில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திருப்பத்தில் அவர் நின்றுவிட்டார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி, கடைசியில் ஓரிக்கையும் வந்தது. தினமும் அக்கா அங்கேதான் இறங்கிக்கொள்வார். அன்று ஒப்படைக்காத பிள்ளை ஒன்று மிச்சம் இருந்ததால் இறங்க முடியவில்லை. என்னோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவர வேண்டியதாயிற்று. பிள்ளைகளெல்லாம் இறங்கிவிட்ட பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடிப்பாரோ என்று முதலில் பயந்தேன். பாதி சாக்லேட்டை உடைத்து நீட்டினேன்.

"நீயே துன்னு" என்றார்.

"எங்க மாமாவ ஏங்க்கா தெரியாதுன்னு சொன்னீங்க?"

அக்கா என்னைத் திருப்பி உட்காரவைத்தார். காலையில் அம்மா அவசரத்தில் பின்னிவிட்ட இரட்டை ஜடை சாயங்காலத்துக்குள் வைக்கோலாகியிருந்தது. ரிப்பனை அவிழ்த்தார். விரலாலேயே சிக்கெடுத்து, வகிடு எடுத்து, புதிதாகப் பின்ன ஆரம்பித்தார். "தலைய ஆட்டாத" என்று ஒரு தடவை சொன்னார். என் கழுத்தில் ஏதோ ஈரமாகப் பட்டது. நிமிர்ந்து பஸ் கூரையைப் பார்த்தேன். வெளியே மழையும் இல்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் அப்பா கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டிரான்ஸ்போர்ட் சார் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப்போய்ப் பேசினார். திரும்பிவந்த அப்பா என் கையைப் பிடித்து விறுவிறுவென்று வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா என்னைத் தறிப்பக்கம் இழுத்துக்கொண்டுபோனார். "நான் ஓடியாந்து கத்துனது அவளுக்குக் கேட்டுச்சா?"

"எனக்கே கேக்கல மாமா."

"அப்புறம் பஸ்ஸுல என்னா பண்ணா? அழுதாளா?"

"தெரியல. எனக்கு ஜட பின்னி வுட்டாங்க."

மாமா என்னைத் திருப்பி நிறுத்தி ஜடையைப் பார்த்தார். தொடவில்லை. அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு வந்தபோது, "இருக்கட்டும்க்கா, நல்லாத்தானே இருக்குது" என்றார். என் தலைமயிரைப் பற்றி மாமா ஒரு வார்த்தை பேசி அதுவரை நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் தட்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு, சொன்னபடியே ஓரிக்கைக்குப் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வீட்டுக்கு முந்தின நாளே போன் போய்விட்டதாம். பஸ் வாசலில் நின்று கண்டவனோடு பேசுகிறவளுக்கு இனி வேலை இல்லை என்று. கார்டு இல்லாத ஆளோடு என்னை அனுப்பாமல் விதியைக் காப்பாற்றியவர் அக்கா. அவருக்கு வேலை போயிற்று, எனக்குச் சாக்லேட் கிடைத்தது. இந்தக் கணக்கு எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் பதிலாக பஸ்ஸுக்கு வந்த அம்மாள் ஒரு நாளும் யாரிடமும் கார்டு கேட்டதில்லை. ஓரிக்கை வீட்டில் அம்மாவையும் அப்பாவையும் உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். கொண்டுபோன தட்டு கொண்டுபோனபடியே வந்தது. ஆப்பிளெல்லாம் எனக்கே என்று அம்மா சொல்லிவிட்டாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு இன்னொன்றை எடுத்து நீட்டினாள். நான் பாட்டுக்குத் தின்றேன்.

அன்று சாயங்காலமும் அம்மா ஜடையை அவிழ்க்க வந்தாள். மாமா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைக்கு ஊற்றுகிற நாள். அதையும் தள்ளிப்போட வைத்தார். அன்றைக்கு அவர் தறியிலும் உட்காரவில்லை, சாப்பிடவும் இல்லை. யாரோ வருகிறார்கள் என்று அக்கா சொன்னாரே, எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லையே என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஜடை சிக்குப் பிடித்து, தலை அரிக்க ஆரம்பித்துவிட்டது. இந்தக் கோலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனால் மிஸ் வெளியே நிறுத்திவிடுவார். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டாள். மாமா சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு மேல வச்சிருக்க முடியாதுடா" என்றாள் அம்மா. ஒரு ஜடைக்கு அவள் ஏன் மாமாவிடம் அனுமதி கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா தலையசைத்தார். "மெதுவா அவுழு, அக்கா."

அம்மா ரிப்பனை இழுத்தாள். ஒவ்வொரு பிரியாக விலக்கி விலக்கி அவிழ்த்துக்கொண்டே வந்தாள். அவள் கை இடையில் ஒரு தடவை நின்றுவிட்டு மறுபடி அவிழ்த்தது. மாமாவின் கண் ஜடையைவிட்டு நகரவில்லை, கண்ணீர் நிறைந்துபோயிருந்தது. எனக்குத் தலை வலிக்குமே என்றுதான் மாமா அப்படித் துடிக்கிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

"வலிக்கல மாமா" என்றேன்.